இரண்டாம் மனுதாரர்

எங்கள் வக்கீல் சட்டசபைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதனால் ஊரில் யாருக்கு லாபம் என்று என்னைக் கேட்டால், மைக்செட்காரனுக்கு என்றுதான் சொல்வேன். மற்றவர்களுக்கெல்லாம் தலைவலி. அதிலும் அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கும், அந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்து டைப் அடிக்கிற எனக்கும் வந்த தலைவலி இருக்கிறதே, அது மாத்திரைக்கெல்லாம் அடங்காது.

பதினெட்டு வருஷமாக அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாசல் பக்கம் ஆபீஸ், உள்பக்கம் வீடு, நடுவே ஒரு பச்சைத் திரை. இந்தப் பக்கம் சட்டப் புத்தகங்கள், கேஸுக்கு வரும் கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சு, என் மேஜை. அந்தப் பக்கம் அக்காவின் சமையலறை. அக்கா என்றால் வக்கீலின் மனைவி. அவள் குக்கர் விசில் அடித்தால் என் ஜாமீன் மனுவில் ஓர் எழுத்து தப்பும். முதலில் டைப் மெஷின் இருந்தது, இப்போது கம்ப்யூட்டர். விசில் மட்டும் அதேதான்.

என் வீடு ஆற்றுக்கு அக்கரையில். காலை ஏழு மணிப் படகைப் பிடித்தால் எட்டு மணிக்கு மேஜைக்கு முன்னால் இருப்பேன். ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் படகுக்காரர் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் பஸ் பிடித்து, பழைய பாலம் வரை மேற்கே போய், திரும்பக் கிழக்கே வந்து, இரண்டு மணி நேரம். கண்ணுக்கு எதிரே கோர்ட்டுக் கட்டடம் தெரியும். கூப்பிட்டால் காது கேட்கும். ஆனால் போய்ச் சேர இரண்டு மணி நேரம். இந்த எரிச்சலை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வக்கீலுக்கு ஊரில் 'வாய்தா' என்று பேர். நேரில் யாரும் சொல்லமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் வேறு பேரே சொல்லமாட்டார்கள். அவர் கேஸை ஜெயிக்கிறவர் இல்லை. எதிராளி ஜெயிக்காமல் பார்த்துக்கொள்கிறவர். நோட்டீஸ் போய்ச் சேரவில்லை, சாட்சிக்குக் காய்ச்சல், ஃபைலில் ஒரு பக்கம் காணோம் என்று ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சொல்லி வாய்தா வாங்கிவிடுவார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ஜட்ஜுகள் மாறிப் போவார்கள், கட்சிக்காரர்கள் செத்துப் போவார்கள், கேஸ் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்.

இந்த மனுஷன் சட்டசபையில் முதல் தடவை எழுந்து பேசினபோது சபாநாயகரைப் பார்த்து "கனம் நீதிபதி அவர்களே" என்று ஆரம்பித்துவிட்டார் என்று பேப்பரில் போட்டான். அதற்கும் சிரித்துக்கொண்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் "எழுத்துல குடுங்க" என்பார். அவர்களுக்கு எழுதத் தெரியாது. "சரி, நானே சொல்றேன்" என்று மனுவைத் தானே சொல்லுவார், நான் அடிப்பேன். மனு யாருக்கு? அவருக்குத்தான். அதே மேஜையில் அதற்கு அவர் பதிலையும் சொல்லுவார். "தங்கள் மனு கிடைக்கப்பெற்றது, பரிசீலனையில் உள்ளது." அதையும் நான் அடிப்பேன். வந்தவன் இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போவான். அவன் தெருவில் சாக்கடை அப்படியேதான் ஓடும்.

இருக்கட்டும். நான் சொல்ல வந்தது பாலத்தைப் பற்றி.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஆற்றின் குறுக்கே பாலம் கட்ட சர்க்கார் ஏற்பாடு செய்தது. பாலம் இக்கரையில் இறங்கும் இடத்தில் அக்காவின் அண்ணனுடைய மர மில் இருக்கிறது. மில் முற்றத்தில் ஆற்றோரமாக இருபது அடி அகலத் துண்டு ஒன்று தேவைப்பட்டது. அந்தத் துண்டு போனால் மர லாரி உள்ளே வந்து திரும்ப முடியாது. லாரி திரும்பாவிட்டால் மில் இல்லை. மில்லுக்காரர் ஓடிவந்து மாப்பிள்ளை காலில் விழாத குறையாக நின்றார். அவர் சும்மா அண்ணன் இல்லை. அப்பா அம்மா போனபிறகு பதினாறு வயதில் ரம்பத்தில் நின்று தங்கையை வளர்த்தவர். அந்த ரம்பத்துக்கு இடதுகையில் இரண்டு விரலைக் கொடுத்தவர். வக்கீல் ஒரே வாரத்தில் கோர்ட்டில் தடை வாங்கினார். அதற்குப் பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா.

அந்த மனுவை அடித்தது நான். ஒன்பதாம் பாரா இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். "மேற்படி ஆற்றின் அக்கரையில் வசிப்பவர்கள் மிகச் சொற்பம் என்றும், அவர்களுக்கு இக்கரையில் அன்றாட அலுவல் ஏதும் இல்லை என்றும், ஆகவே மேற்படி பாலம் முற்றிலும் அவசியமற்றது என்றும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அன்று காலை இடுப்பளவு நனைந்து வந்து, புடவையைப் பிழிந்துவிட்டு உட்கார்ந்து அடித்தேன். "ஐயா, நான் அக்கரைதானே, தினமும் வர்றேனே" என்றேன். அவர் சிரித்தார். "அது கேஸுக்கும்மா. கேஸுக்கு எழுதறது வேற, நிஜம் வேற. நீ அடி." அடித்தேன். கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன். எனக்கு எரிச்சல் வந்தால் விரல் இன்னும் வேகமாகப் போகும். அன்றைக்கு ஒரு பிழைகூட இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே மனுஷன் படகில் ஏறி நின்று, மைக்கைப் பிடித்து, "அக்கரை மக்களே! உங்களுக்குப் பாலம் கட்டித் தராமல் நான் ஓயமாட்டேன்!" என்றார். நான் அந்தப் படகில்தான் இருந்தேன். எங்கள் ஜனங்கள் நம்பினார்கள். அக்கரை ஓட்டு முழுக்க அவருக்கு விழுந்தது. நானும் போட்டேன். வேறு எவனும் படகில்கூட ஏறவில்லையே, என்ன செய்ய?

இந்த மாசம் பாலத்துக்கு அனுமதியும் வந்துவிட்டது. அன்று எஞ்சினியர் ஆபீசுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சார், அந்த எடத்துக்குத் தடை இருக்கே" என்றார்.

"எந்த மடையன் வாங்கினான்?" என்று கத்தினார் வக்கீல்.

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"நீங்கதான் சார்," என்றார் எஞ்சினியர்.

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இடத்தை ஒப்படைக்காவிட்டால் அனுமதி ரத்து, பாலம் வேறொரு ஊருக்குப் போய்விடும். கேஸ் செவ்வாய்க்கிழமை வருகிறது. சனிக்கிழமை காலை மழையோடு மழையாக முன்னறையில் பஞ்சாயத்து கூடியது. பஞ்சாயத்து என்றால் மூன்றே பேர். வக்கீல், மில்லுக்காரர், அப்புறம் வக்கீலின் மகள். மகளும் வக்கீல்தான். அப்பா சட்டசபைக்குப் போனதும் நூற்று நாற்பது ஃபைலையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதில் இந்தப் பாலம் கேஸும் ஒன்று. ஆக, தடை வாங்கினது அப்பா, தடையை நீக்கச் சொல்கிறதும் அப்பா, நீக்கக்கூடாது என்று வாதாட வேண்டியது மகள். இந்தக் கூத்து எந்த ஊரிலாவது உண்டா?

"மச்சான், கேஸை வாபஸ் வாங்கிடுங்க. ஒரே ஒரு கையெழுத்து," என்றார் வக்கீல்.

"எதுக்கு மாப்ள? நீங்கதானே போட்டீங்க?"

"அப்ப நான் வக்கீல்."

"இப்ப?"

"இப்ப மக்கள் பிரதிநிதி."

"நான் மக்கள் இல்லையா? மரக்கட்டையா?" மில்லுக்காரர் தலையில் அப்பியிருந்த மரத்தூளை நனைந்த துண்டால் துடைத்தார். "லாரி எங்க திரும்பும்? சொல்லுங்க. ஆத்துக்குள்ள போய்த் திரும்புமா? உங்க பாலத்து மேல ஏத்தித் திருப்பவா?"

"மில்லுக்கு வேற எடம் பாத்துத் தர்றேன்."

"எங்க?"

"பரிசீலனை பண்ணி…"

"அய்யோ சாமி, பரிசீலனையா! நீங்க பரிசீலனை பண்ணி முடிக்கறதுக்குள்ள என் மில்லுல கறையான் பேரன் பேத்தி எடுத்துடும்."

வக்கீல் மகள் பக்கம் திரும்பினார். குரலை இறக்கினார். இறக்கினால் பச்சைத் திரை வரைதான் கேட்கும் என்று நினைப்பு.

"நீ ஒண்ணு பண்ணு. செவ்வாக்கிழமை கோர்ட்டுக்குப் போகாத. காய்ச்சல்னு படுத்துக்க. ஆஜராகலைன்னா தடை தானா போயிடும்."

"அப்பா!"

"என்ன அப்பா?"

"கட்சிக்காரர நட்டாத்துல விடச் சொல்றீங்களா? வக்காலத்துல கையெழுத்து போட்டா அவங்க வீட்டு நாய்க்கும் நாமதான் பொறுப்புன்னு சொன்னது யாரு?"

"அது பொதுவா சொன்னது."

"மாமாவுக்காகச் சொல்லலப்பா. மாமா எடத்துல யார் இருந்தாலும் நான் போவேன். காய்ச்சல் வந்தாலும் போவேன்."

"பாத்தீங்களா மாப்ள?" மில்லுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "எம் மருமவ. வளர்த்த கடா மார்ல பாயுதுன்னு நினைக்காதீங்க. நீங்க சொல்லிக்குடுத்த பாய்ச்சல்தான் அது."

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேரும் அவளைப் பார்க்கவில்லை, டீயை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். "அண்ணா, தலைய நல்லாத் துடை, சளி பிடிச்சுக்கும்" என்றாள். "என்னங்க, பிள்ளைய அப்படிப் பேசாதீங்க" என்றாள். மூன்று பேரும் டீயை உறிஞ்சினார்கள். அவள் காலி தட்டோடு திரைக்குள் போனாள். மூன்று நாளாக அந்த வீட்டில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. ராத்திரி புருஷன் வந்து "உங்கண்ணனுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லு" என்பாராம். காலையில் அண்ணன் போன் பண்ணி "உம் புருஷனைக் கொஞ்சம் அடக்கி வை" என்பாராம். பாலம் வந்தால் அண்ணன் போவார். பாலம் வராவிட்டால், அக்கரையில் கொடுத்த வாக்குப் பொய்த்துப் புருஷன் தலை நிமிர முடியாது. இரண்டு பேரில் ஒருத்தரை அவள் இழக்கத்தான் போகிறாள். யாரை என்பதைச் சத்தம் போட்டு முடிவு பண்ணிக்கொண்டிருந்தார்கள், அவளைத் தவிர மற்ற எல்லாரும்.

பன்னிரண்டு மணிக்கு வக்கீல் என் பக்கம் திரும்பினார். "நீ வாபஸ் மெமோவை அடிச்சு வை. மச்சான் மனசு மாறினா கையெழுத்து வாங்கிக்கலாம்."

நான் பழைய ஃபைலை எடுத்தேன். ஒரு சாண் உயரம், உள்ளே பூச்சி மருந்து வாசனை. முதல் பக்கத்தைப் பார்த்துப் பேர்களை அடிக்க ஆரம்பித்ததும் கை நின்றது.

"ஐயா, ரெண்டு மனுதாரர் இருக்காங்க. ரெண்டாமவங்களும் கையெழுத்து போடணும்."

"யாரது ரெண்டாமவன்?"

"அவன் இல்லைங்கய்யா. அவங்க." நான் திரையைக் கைகாட்டினேன்.

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். அப்புறம் வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட, ஆமா! நம்ம வீட்டுல!"

விஷயம் இதுதான். மில்லுக்கு என்று கேட்டால் கோர்ட்டில் இரக்கம் வராது, ஒரு பெண்ணின் குடியிருப்பு மனை என்று கேட்டால் தடை உடனே கிடைக்கும் என்று அப்போது அவருக்கு ஒரு யோசனை. அண்ணன் அந்த இருபது அடித் துண்டைத் தங்கை பேருக்குத் தானமாக எழுதிவைத்தார். தங்கை இரண்டாம் மனுதாரர் ஆனாள். பத்திரத்திலும் வக்காலத்திலும் பிரமாணத்திலும் அவளிடம் கையெழுத்து வாங்கியது நான்தான். கரண்டியைக் கீழே வைக்காமல் ஏழு இடத்தில் போட்டாள். "எதுக்கு?" என்றுகூடக் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவள் கையெழுத்து என்பது உப்பு மாதிரி. தேவைப்பட்டால் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

மகள் ஃபைலை என் கையிலிருந்து பிடுங்கினாள். புரட்டினாள். முகம் சிவந்துவிட்டது.

"அப்பா, எடம் முழுக்க அம்மா பேர்ல இருக்கு. மாமாவுக்கு அந்தத் துண்டுல ஒரு பிடி மண்ணுகூட இல்ல. அம்மா வேணாம்னு சொன்னா கேஸ் அன்னைக்கே முடிஞ்சுது. அம்மா வேணும்னு சொன்னா நீங்க தலைகீழா நின்னாலும் நடக்காது. ரெண்டு வருஷமா ஃபைல் எங்கிட்ட இருக்கு, நானும் முதல் பக்கத்த ஒழுங்காப் பாக்கல. என்னைச் சொல்லணும்."

அவ்வளவுதான். அதுவரை காட்டுக் கத்தல் கத்தின இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் எழுந்து திரையை விலக்கினார்கள். இரண்டு பேர் குரலிலும் தேன் வழிந்தது. அப்படி ஒரு குரல் அவர்களிடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இங்க வாயேன், கொஞ்சம் உக்காரு," என்றார் வக்கீல்.

"ஏம்மா, நின்னு நின்னு கால் வலிக்கலையா?" என்றார் அண்ணன்.

அக்கா கையில் உருளைக்கிழங்கும் கத்தியுமாக இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன ஆச்சு? யாராவது செத்துட்டாங்களா?" என்றாள்.

சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். மகள்தான் நடுவில் புகுந்து புரியும்படி சொன்னாள். அக்கா உட்காரவில்லை. கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நீ ஒரு கையெழுத்து போட்டா போதும்மா," என்றார் வக்கீல். "ஆயிரம் குடும்பம் உன்னை வாழ்த்தும்."

"அவ போடமாட்டா," என்றார் அண்ணன். "எந்தங்கச்சிய எனக்குத் தெரியாதா? இந்தக் கையப் பாத்துட்டு அவ போடுவாளா?" என்று இரண்டு விரல் இல்லாத இடதுகையைத் தூக்கிக் காட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கையை அவளுக்குக் காட்டினதே இல்லையாம். அதைப் பிற்பாடு அக்கா என்னிடம் சொன்னாள்.

"ரெண்டு மனுதாரரும் எதிரும் புதிருமா நின்னா நான் யாருக்கும் ஆஜராக முடியாது," என்றாள் மகள். "நான் வெலகிடுவேன். அம்மா, நீ யோசி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"ஏன் சொல்லமாட்ட? இத்தனை நாள் எல்லாரும் சொன்னீங்களே," என்றாள் அக்கா. "போங்க எல்லாரும். சமையல் ஆகணும்."

மூன்று மணிக்குப் படகு நின்றுவிட்டது. பஸ்ஸும் இல்லை, எங்கோ ரோட்டில் மரம் விழுந்துவிட்டதாம். அக்கா என்னை அங்கேயே தங்கச் சொன்னாள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சமையலறையில் இரண்டு பேரும் ரொட்டியும் முட்டையும் கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். வக்கீல் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். ஊரே வெள்ளத்தில் நிற்கும்போது கூட்டம். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் காகிதத்துல நான் என்ன சொல்லியிருக்கேன்?"

"எதுலக்கா?"

"கோர்ட்டுல குடுத்ததுல. நான்தானே சொன்னதா இருக்கு? நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரிய வேணாமா? படி."

ஃபைலை எடுத்துவந்தேன். படித்தேன். இன்னாரின் மனைவியாகிய நான் சத்தியம் செய்து சொல்வதாவது என்று ஆரம்பித்து, அந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க எனக்கு உத்தேசம் இருப்பதாகவும், பாலத்தின் சத்தம் என் மன அமைதிக்குப் பங்கம் விளைவிக்கும் என்றும் வரிசையாக வந்தது. அக்கா முதலில் சிரித்தாள். "மன அமைதியா? மில்லு ரம்பச் சத்தத்துல வளந்தவ நான்." எட்டாம் பாரா வரை சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்பதை விட்டுவிட்டுப் பத்துக்குத் தாவினேன்.

"என்ன, ஒன்பது எங்க?"

"அது ஒண்ணுமில்லக்கா."

"படிடி."

படித்தேன். அக்கரையில் வசிப்பவர்கள் மிகச் சொற்பம். அவர்களுக்கு இக்கரையில் அன்றாட அலுவல் ஏதும் இல்லை.

அக்கா நிமிர்ந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் புடவைக் கரையில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தாள்.

"இத நானா சொன்னேன்?"

"நீங்க சொன்னதா… அடிச்சிருக்கு."

"அடிச்சது யாரு?"

நான் ஃபைலை மூடினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பன்னிரண்டு வருஷம் வக்கீலைத் திட்டினேன், எஞ்சினியரைத் திட்டினேன், ஆற்றைக்கூடத் திட்டினேன். அடித்த கை என்னுடையது என்பதை ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

"நீயும் அடிச்சியேடி," என்றாள் அக்கா. "தினமும் நனைஞ்சு வந்து நீ துவட்டிக்கிறதுக்குத் துண்டு நான்தானே குடுத்தேன்? உனக்கு இங்க வேலை இல்லைன்னு சத்தியமும் நானே பண்ணியிருக்கேன். நீ அத அடிச்சுட்டு எங்கிட்டயே வந்து துண்டு வாங்கியிருக்க. என்ன மாதிரி ஜென்மங்க நாமெல்லாம்!"

"ஐயா சொன்னாருக்கா. கேஸுக்கு வேற, நிஜம் வேறன்னு."

"அவர் சொன்னாரு, அண்ணன் சொன்னாரு, நீ அடிச்ச, நான் போட்டேன். ஒருத்தர் ஒருத்தரா கைமாத்தி எம் பேர்ல ஒரு பொய்ய உக்காத்தி வெச்சிருக்கீங்க. அது பன்னெண்டு வருஷமா கோர்ட்டுல உக்காந்திருக்கு. நான் இங்க வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்திருக்கேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, எனக்குப் படுக்கப் பாய் எடுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையும் தூறிக்கொண்டுதான் இருந்தது. கோர்ட்டு ஹாலில் ஈரக் குடைகளிலிருந்து தண்ணீர் ஓடி, பெஞ்சுக்கு அடியில் குளம் கட்டியிருந்தது. ஜட்ஜ் புதிதாக வந்தவர், நாற்பது வயதுகூட இருக்காது, கடுமையான ஜலதோஷம். வக்கீல் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். சட்டசபை உறுப்பினர் ஆனபிறகு பின் வரிசையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மகள் எழுந்து, இரண்டு மனுதாரர்களும் வேறு வேறு நிலை எடுப்பதால் தான் விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கறுப்பு கவுனைச் சரிசெய்துகொண்டு ஓரமாகப் போய் நின்றாள்.

முதல் மனுதாரரைக் கூப்பிட்டார்கள். மில்லுக்காரர் கூண்டுப் பக்கம் போய்க் கும்பிட்டார்.

"புதுசா வக்கீல் வெக்கணும் சாமி. ஒரு வாய்தா குடுங்க."

ஜட்ஜ் ஃபைலைப் புரட்டினார். மூக்கைச் சிந்தினார். "ஐயா, இந்தக் கேஸுல நாப்பத்தேழு வாய்தா ஆயிருக்கு. இதுக்கப்புறம் குடுத்தா ஃபைலைத் தூக்க ஆள் வெக்கணும்" என்றார். ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள். பின் வரிசையில் மட்டும் ஒருத்தர் சிரிக்கவில்லை.

அப்புறம் கோர்ட்டு டவாலி, அக்காவின் பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டான். பதினெட்டு வருஷத்தில் அவள் பேரை ஒருத்தர் உரக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வக்கீல் வீட்டம்மா, மில்லுக்காரர் தங்கச்சி, அக்கா, அம்மா. அவ்வளவுதான். அவளும் மூன்றாவது தடவைதான் எழுந்தாள்.

"நீங்க வாபஸ் வாங்கறீங்களாம்மா?" என்றார் ஜட்ஜ்.

"வாங்கறேங்கய்யா."

"யாராவது வற்புறுத்தினாங்களா?"

"வற்புறுத்தினாங்கய்யா. மூணு நாளா எல்லாரும் அதத்தான் பண்ணினாங்க. போடுன்னு ஒருத்தர், போடாதன்னு ஒருத்தர். ஆனா நான் அதுக்காக வரல."

"பின்னே?"

"ஒன்பதாம் பாராவுல நான் சொல்லாதத சொன்னதா இருக்கு. அக்கரையில ஆளே இல்லைன்னு இருக்கு. ஆள் இருக்காங்கய்யா. எங்க வீட்டுக்கே ஒருத்தி தினமும் வர்றா, அதோ நிக்கறா." நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. "அந்தப் பாராவக் கோடு போட்டு அடிச்சுடுங்க. அத அடிச்சா கேஸே நிக்காதுன்னு எம் பொண்ணு சொல்றா. நிக்கலைன்னா போகட்டும்."

ஜட்ஜ் பேனாவைத் திறந்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு வருஷத்துத் தடை நீங்கியது. நாங்கள் ஓட்டுப் போட்டு, மனு கொடுத்து, கோஷம் போட்டு ஒன்றும் நகராத காரியம், ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில் முடிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பாலம் வரப்போகிறது, இனிமேல் நான் நனைய வேண்டாம். ஆனால் நான் மில்லுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

வராந்தாவில் அவர் தங்கைக்காக நின்றுகொண்டிருந்தார். இடதுகையைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தார்.

"நீ எனக்கு எதிரா நிப்பேன்னு நான் கனவுலகூட நினைக்கல," என்றார். குரலில் கோபமே இல்லை.

"நானும் நினைக்கல அண்ணா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. முந்தா நாள் நேத்து சொல்லியிருக்கலாமே."

"நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" அக்கா அவர் பக்கம் ஓர் அடி நகர்ந்தாள். "பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், அடுப்படிக்கு வந்து, இந்த மாதிரி எம் பொழப்பு போகுது, நீ எனக்காக ஒரு பொய் சொல்லுவியான்னு கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அண்ணா. ஆளே இல்லைன்னு கற்பூரத்த அணைச்சுச் சொல்லியிருப்பேன். இன்னைக்கும் உம் பக்கம்தான் நின்னிருப்பேன். இவருக்கு எதிரா, ஊருக்கு எதிரா, உனக்காக நின்னிருப்பேன். நீ கேக்கல. நான் போட்டுடுவேன்னு உனக்குத் தெரியும், அதனால கேக்கல."

மில்லுக்காரர் குடையை விரிக்காமலே படியிறங்கி மழையில் நடந்து போனார். அக்கா அவர் முதுகு வாசல் கேட்டைத் தாண்டுகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சமயம் பார்த்து வக்கீல் காதில் போனோடு வந்தார். எஞ்சினியரிடம் இடத்தை நாளைக்கே அளக்கச் சொல்லிவிட்டு, மைக்செட்காரனுக்குப் போன் போட்டு இரண்டு குழாய் கட்டச் சொல்லிவிட்டு, அக்காவின் தோளைத் தட்டினார். முகமெல்லாம் பல்.

"பிரமாதம்! சட்டசபையிலகூட எவனும் இப்படிப் பேசினதில்ல. வா, கார்ல ஏறு. அக்கரையில கூட்டம் சேந்துருச்சாம். நீயும் மேடையில ரெண்டு வார்த்தை பேசிடு."

"நான் வரல. நீங்க போங்க."

"ஏன்? வீட்டுல அப்படி என்ன வேலை?"

"அழணும்," என்றாள் அக்கா.

வக்கீல் என்னைப் பார்த்தார், ஏதாவது நான் எடுத்துச் சொல்வேன் என்று. நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.